எலும்பு அறையில் பத்து வாரம்: வாசகர் கேள்வி பதில்

அருங்காட்சியகங்களில் உயிரியல் மானுடவியல் (மனித உடலையும் எலும்பையும் ஆராயும் துறை) இன்டர்ன்ஷிப் செய்வது பற்றி மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பாதிக்கு மேல் அமெரிக்க அருங்காட்சியகங்களைப் பற்றியவை. அதனால் பதில்களும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

பாளையங்கோட்டையில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த இன்டர்ன்ஷிப் என்பது பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையா? மானுடவியல் படித்திருந்தால்தான் சேர்ப்பார்களா?
(விலங்கியல் மாணவி)

விளக்கம் சொல்லும் வேலை இல்லை. பார்வையாளர் நடமாடும் கூடங்களுக்குப் பின்னால், பூட்டிய கதவுகளுக்கு உள்ளே அடுக்கடுக்காக இழுப்பறைகள் இருக்கும். வேலை அங்கேதான். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் 30,000க்கும் மேற்பட்ட மனிதர்களின் எச்சங்கள் இருக்கின்றன. கிளீவ்லாந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஹாமன்-டாட் சேகரிப்பு என்ற பெயரில் 3,000க்கும் அதிகமான மனித எலும்புக்கூடுகள் உண்டு. கொரில்லா, சிம்பன்சி போன்ற குரங்கினங்களின் எலும்புக்கூடுகளும் அதோடு சேர்ந்து இருக்கின்றன. 1974இல் எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் 'லூசி' என்று பெயர் பெற்ற மனித மூதாதையின் புதைபடிவம் கிடைத்தபோது, அதைக் கண்டெடுத்த டொனால்ட் ஜோஹன்சன் வேலை பார்த்ததும் இதே கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில்தான். ஒரு புதைபடிவத்தை மனிதனோடும் குரங்கோடும் ஒப்பிட வேண்டுமானால் இரண்டு வகை எலும்புகளும் ஒரே கட்டடத்தில் நூற்றுக்கணக்கில் இருப்பது பெரிய வசதி.

விலங்கியல் படிப்பவருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. ஒப்பீட்டு உடற்கூற்றியலை நீங்கள் ஏற்கெனவே தொட்டிருப்பீர்கள். 206 எலும்புகளின் பெயர், ஒவ்வொன்றும் இடதா வலதா என்று சொல்லும் பழக்கம், எக்செல் அல்லது ஆர் மென்பொருளில் ஒரு அட்டவணையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் கை, இந்த மூன்றும் இருந்தால் பட்டத்தின் பெயர் பெரிய தடையாக இருக்காது. மூன்றில் கடைசியைத்தான் மாணவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். எலும்பின் பெயரை இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒழுங்கில்லாத அட்டவணையைச் சரிசெய்வதற்குள் கோடைக்காலமே முடிந்துவிடும்.

மகள் அமெரிக்காவில் படிக்கிறாள். கோடையில் பத்து வாரம் அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சி என்கிறாள். பத்து வாரத்தில் ஒரு பிள்ளை என்ன ஆராய்ச்சியை முடித்துவிட முடியும்?
(ஒரு தாய், கோவை)

சின்னதாக ஒன்றை முழுதாக முடிக்கலாம். பெரிதாக எடுத்தால் எதுவும் முடியாது. வாரத்துக்கு 40 மணி என்றால் மொத்தம் 400 மணி நேரம். முதல் வாரம் பாதுகாப்பு விதிகள், சாவி, கணினி அனுமதி, எலும்பைத் தூக்கும் முறை என்று போய்விடும். அடுத்த ஒன்றரை வாரம் அளவெடுக்கப் பழகுவதும் அந்த அளவைச் சோதிப்பதும். அதன்பின் சுமார் நான்கு வாரம் தரவு சேகரிப்பு. மீதி நாட்களில் கணக்கு, வரைபடம், ஒரு போஸ்டர்.

நான்கு வாரத்தில் எத்தனை எலும்புக்கூடு? பெட்டியை எடுத்து வந்து, எண்ணைச் சரிபார்த்து, பத்து அளவுகள் எடுத்து, குறையிருந்தால் குறித்து, ஒவ்வொரு எலும்பையும் பழைய இடத்தில் வைத்து மூடுவதற்கு அரை மணிக்கு மேல் ஆகும். ஒரு நாளைக்குப் பத்து என்றால் நல்ல வேகம். வாரத்தில் ஒரு நாளாவது கூட்டம், பயிற்சி என்று போகும். ஆக 150 எலும்புக்கூடு சுற்றுவட்டாரத்தில் நிற்கும். கேள்வியும் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். 'மனிதப் பரிணாமத்தில் கையின் பங்கு' அடங்காது. 'மேற்கை எலும்பின் நடுத்தண்டுச் சுற்றளவில் இடது வலது வேறுபாடு ஆண்களிடமும் பெண்களிடமும் ஒரே அளவில் இருக்கிறதா' என்பது அடங்கும்.

பயிற்சிக்குப் போகப் போகிறேன். கை தவறி மண்டை ஓடு உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் தூக்க வேண்டும்?
(முதுகலை மாணவர், புதுச்சேரி)

இந்தப் பயம் உங்களிடம் இருப்பது நல்லது. முதலில் மேசை. இரண்டு மூன்று செ.மீ. தடிமனான மென்நுரை விரிப்பு மேசை முழுக்க, ஓரம் வரைக்கும் இருக்க வேண்டும். மண்டை ஓட்டுக்குத் துணியில் சுற்றிய வளையம் அல்லது மணிகள் நிரப்பிய சிறு தலையணை. நம்மூரில் குடம் உருளாமல் வைக்கும் சும்மாடு மாதிரிதான். எலும்பு மேசையை விட்டு ஒரு சாண் உயரத்துக்கு மேல் எழும்பக் கூடாது. நின்றுகொண்டு, நெஞ்சு உயரத்தில் வைத்துத் திருப்பிப் பார்ப்பதுதான் பெரும்பாலான உடைப்புக்குக் காரணம்.

மண்டை ஓட்டை இரு உள்ளங்கைகளாலும் அடியிலிருந்து ஏந்துங்கள். கண்குழிக்குள் விரலை விட்டுத் தூக்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு, ஏனென்றால் பிடிக்க அது வாகாகத் தோன்றும். கண்குழியின் உட்பக்கச் சுவர் வெங்காயச் சருகு போல மெல்லியது, அழுத்தினால் நொறுங்கிவிடும். கன்ன எலும்பின் வளைவைக் கைப்பிடியாகப் பிடிக்கக் கூடாது. அடியில் ஊசி போல நீளும் ஸ்டைலாய்டு முள்ளை எதன் மேலும் சாய்க்கக் கூடாது. கீழ்த்தாடை தனி எலும்பு, அதைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

முன்பற்கள் தானாகவே கழன்று விழும். அவற்றுக்கு ஒற்றை வேர், காய்ந்த எலும்பில் பிடிப்பு இருக்காது. அதனால் மண்டை ஓட்டைத் திருப்பும் முன் அடியில் ஒரு தட்டு வையுங்கள். பல் விழுந்தால் சிறு ஜிப் பையில் போட்டு, எலும்புக்கூட்டின் எண்ணையும் எந்தப் பல் என்பதையும் எழுதி, அதே பெட்டியில் வைத்துவிட்டுச் சொல்லுங்கள். ஒட்டாதீர்கள்.

உடைந்தேவிட்டால் என்ன செய்வது? கையை நிறுத்துங்கள். துகள்களைத் துடைக்கவோ ஊதவோ கூடாது. விழுந்தபடியே படம் எடுத்து, சேகரிப்பு மேலாளரை உடனே கூப்பிடுங்கள். சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம். அது மஞ்சளாகி, முறுகி, பிறகு எலும்பையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். பாதுகாப்பு வல்லுநர்கள் பயன்படுத்தும் பாரலாய்டு பி-72 என்ற பிசின் அசிட்டோனில் கரையும், எப்போது வேண்டுமானாலும் பிரித்துவிடலாம். உடைத்ததற்காக யாரும் மாணவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. மறைத்தால்தான் அனுப்புவார்கள்.

நைட்ரைல் கையுறை எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. உங்கள் வியர்வையிலிருந்து எலும்பைக் காக்க என்பது பாதிக் காரணம். பழைய சேகரிப்புகளில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்செனிக் போன்ற நஞ்சுகளைத் தடவியிருக்கலாம், அதிலிருந்து உங்களைக் காப்பது மறு பாதி. அந்த அறையில் டீ, தண்ணீர், பேனா எதுவும் கிடையாது. பென்சில் மட்டும்தான். ஒரு நேரத்தில் மேசைமேல் ஒரே ஒருவரின் எலும்புகள்தான் இருக்க வேண்டும். இரண்டு பேருடைய விரல் எலும்புகள் கலந்துவிட்டால் பிரிப்பது மிகக் கடினம், சில சமயம் முடியாமலே போய்விடும்.

ஒரே தொடையெலும்பை இரண்டு முறை அளந்தால் இரண்டு எண் வருகிறது. என்னிடம் குறையா, கருவியில் குறையா?
(மானுடவியல் மாணவி, சென்னை)

பெரும்பாலும் இரண்டிலும் இல்லை, 'எதை அளக்கிறேன்' என்பதில்தான் குறை. தொடையெலும்பின் நீளத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று உச்ச நீளம்: எலும்பளவைப் பலகையின் நிலைச்சுவரில் முழங்கால் பக்கத்து உள்முண்டைத் தொடவைத்து, நகரும் பலகையை மறுமுனையில் உள்ள பந்தின் மேல் சேர்த்து, எலும்பை மெல்ல அசைத்து எங்கே எண் உச்சத்தைத் தொடுகிறதோ அதைக் குறிப்பது. மற்றொன்று, இரண்டு முண்டுகளும் ஒன்றாகச் சுவரைத் தொடும் நிலையில் எடுப்பது. இரண்டுக்கும் சில மி.மீ. வேறுபாடு வரும். காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றுமாக எடுத்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகும் மீதமிருக்கும் வேறுபாட்டைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. அளவீட்டின் தொழில்நுட்பப் பிழை என்று அதற்குப் பெயர். பத்து எலும்புகளை இன்று அளந்து தாளை மூடிவையுங்கள். மூன்று நாள் கழித்து, பழைய எண்ணைப் பார்க்காமல் மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகள் மி.மீ. கணக்கில் 0, 1, 1, 0, 2, 1, 0, 1, 0, 1 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 9. அதை எலும்பு எண்ணிக்கையின் இரு மடங்கான 20ஆல் வகுத்தால் 0.45. வர்க்கமூலம் 0.67 மி.மீ. தொடையெலும்பின் சராசரி 440 மி.மீ. என்றால் இது 0.15 சதவீதம்தான், கவலை வேண்டாம். அதே 0.67 மி.மீ. பிழை 40 மி.மீ. அகலமுள்ள கண்குழியில் வந்தால் 1.7 சதவீதம் ஆகிவிடும். நீங்கள் தேடும் ஆண் பெண் வேறுபாடே அதற்குள் முழுகிப்போகலாம். சின்ன அளவுகளுக்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

வேறு சில: டிஜிட்டல் காலிப்பரை ஒவ்வொரு எலும்புக்கூட்டுக்கும் முன் மூடி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். இடப்பக்க எலும்பை அளப்பது வழக்கம், அது சிதைந்திருந்தால் வலது, ஆனால் வலது என்று எழுத வேண்டும். அளவு கிடைக்காத இடத்தில் 0 போடாதீர்கள். கணினி அதை உண்மையான அளவாக எடுத்துக்கொண்டு சராசரியைக் கீழே இழுத்துவிடும். எலும்புக்கூட்டின் எண்ணை வாய்விட்டு இருமுறை படியுங்கள், 1068 எப்போது 1086 ஆனது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றினால் அமெரிக்க மானுடவியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். கை கால் எலும்பு நீளத்திலிருந்து ஒருவரின் உயரத்தைக் கணக்கிடும் சூத்திரங்களை அவரும் கோல்டீன் கிளெசரும் 1952இல் வெளியிட்டார்கள். உலகெங்கும் தடயவியல் ஆய்வகங்களில் அவை புழங்கின. தொடையெலும்புச் சூத்திரம் ஒன்று: நீளத்தை செ.மீ. கணக்கில் 2.38ஆல் பெருக்கி 61.41 கூட்ட வேண்டும். 44 செ.மீ. என்றால் உயரம் சுமார் 166 செ.மீ., கூட்டிக் கழிக்க 3.27 செ.மீ. இது வெள்ளை இன அமெரிக்க ஆண்களுக்கான சூத்திரம், நம்மூர் எலும்புக்கு அப்படியே போட்டால் தவறும், கால் நீள விகிதம் மக்களுக்கு மக்கள் மாறும். விஷயம் அதுவல்ல. முழங்காலுக்குக் கீழுள்ள டிபியா எலும்பையும் அவர் அளந்தார். அந்த எலும்பின் கீழ்முனையில், உள் கணுக்காலில் துருத்தி நிற்கும் புடைப்பு ஒன்று உண்டு. அதையும் சேர்த்து அளந்ததாகத்தான் எழுத்தில் இருக்கிறது. 1990களில் ரிச்சர்ட் ஜாண்ட்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் அவர் அளந்த அதே எலும்புகளை ஸ்மித்சோனியனில் எடுத்து மறுபடி அளந்தபோது, புடைப்பை விட்டுவிட்டே அளந்திருக்கிறார் என்று தெரிந்தது. முறைப்படி அளந்த டிபியாவை அவருடைய சூத்திரத்தில் போட்டால் உயரம் சராசரியாக 2.5 முதல் 3 செ.மீ. வரை கூடுதலாக வரும். நாற்பது ஆண்டுகள் இது யார் கண்ணிலும் படவில்லை. டிராட்டர் தன் துறையில் தலைசிறந்தவர், கவனமில்லாதவர் அல்ல. எலும்பும் பதிவேடும் அப்படியே பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான் பிழையைப் பிடிக்க முடிந்தது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்பையும் என்றோ ஒருவர் இப்படி எடுத்துச் சரிபார்க்கக்கூடும் என்று நினைத்து எழுதுங்கள்.

சினிமாவில் எலும்பைப் பார்த்ததும் 'வயது 32' என்கிறார்களே, முடியுமா?
(வாசகர், ஈரோடு)

முடியாது. வளரும் வயதில் ஓரளவு நெருங்கிச் சொல்லலாம், பல் முளைப்பதும் எலும்பு முனைகள் இணைவதும் ஏறக்குறைய ஒரு கால அட்டவணைப்படி நடக்கும். கழுத்துப்பட்டை எலும்பின் உள்முனைதான் கடைசியில், இருபதுகளின் பிற்பகுதியில் முழுதாக இணையும். அதற்குப் பிறகு தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும். இடுப்பின் முன்பக்கம் இரு எலும்புகள் சந்திக்கும் பரப்பை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் சூசி-புரூக்ஸ் முறையில், ஆண்களின் நான்காம் நிலை 23 வயது முதல் 57 வயது வரை நீள்கிறது. நேர்மையான பதில் அதுதான்.

இந்த முறைகளை உருவாக்க, வயது தெரிந்தவர்களின் எலும்புகள் வேண்டும். ஹாமன்-டாட் சேகரிப்பை வைத்துத்தான் விங்கேட் டாட் 1920இல் தன் பத்து நிலைகளை வகுத்தார். ஆனால் அந்த 'தெரிந்த' வயதுகளிலேயே பல பிணவறையில் குத்துமதிப்பாகப் போட்டவை. 40, 45, 50 என்று ஐந்தின் மடங்குகளில் குவிந்து கிடக்கும். பயிற்சி மாணவர் இந்தத் தரவை எடுத்தால் முதலில் வயதுகளுக்கு ஒரு வரைபடம் போட்டு இந்தக் குவியலைப் பார்த்துவிட வேண்டும்.

இறந்தவர்களின் எலும்பைப் பெட்டியில் வைத்து அளப்பது என் மனதுக்கு ஒப்பவில்லை. அவர்கள் யார்? சம்மதித்தார்களா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, இந்தக் கேள்வியை ஒவ்வொரு மாணவரும் முதல் நாளே கேட்க வேண்டும். பெரும்பாலோர் சம்மதிக்கவில்லை. அவர்களைக் கேட்டவரும் இல்லை.

கிளீவ்லாந்தில் கார்ல் ஹாமன் 1893இல் தொடங்கி, டாட் 1912 முதல் 1938இல் தான் இறக்கும்வரை பெருக்கிய சேகரிப்பு, பெரும்பாலும் மருத்துவமனையிலும் பிணவறையிலும் யாரும் வந்து கேட்காத உடல்களால் ஆனது. மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் ராபர்ட் டெர்ரி தொடங்கி டிராட்டர் தொடர்ந்த 1,728 பேரின் சேகரிப்பும் பெருமளவு அப்படித்தான். 1967இல் அது ஸ்மித்சோனியனுக்கு வந்தது. யாரும் கேட்காத உடல் என்றால் உறவே இல்லாதவர் என்று பொருளில்லை. அடக்கம் செய்யப் பணமில்லாத ஏழைகள், கறுப்பினத்தவர், ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் அதில் நிறைய. பின்னாளில் மிசூரி மாநிலச் சட்டம் மாறியபின், உயிரோடிருக்கும்போதே கையெழுத்திட்டுக் கொடுத்தவர்களும் டெர்ரி சேகரிப்பில் சேர்ந்தார்கள். டென்னசி பல்கலைக்கழகத்தில் வில்லியம் பாஸ் 1981இல் தொடங்கியது முற்றிலும் நன்கொடையை நம்பிய வழி. மாணவருக்குத் தேர்வு இருக்குமானால், சம்மதம் தந்தவர்களின் சேகரிப்பில் பதில் கிடைக்கக்கூடிய கேள்வியை அங்கேயே கேட்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

அமெரிக்கப் பழங்குடியினரின் கதை இன்னும் கொடியது. அவர்களுடைய கல்லறைகளைத் தோண்டியே எடுத்துப்போனார்கள். ஸ்மித்சோனியனுக்கு 1989இலும், அரசு நிதி பெறும் மற்ற அருங்காட்சியகங்களுக்கு 1990இலும் வந்த சட்டங்கள் அந்த எலும்புகளைத் திருப்பித் தர வழி செய்தன. 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, 1990 சட்டத்துக்கு உட்பட்ட அருங்காட்சியகங்கள் அந்த மக்களின் முன்சம்மதம் இல்லாமல் காட்சிக்கோ ஆய்வுக்கோ அவற்றைத் தரக் கூடாது. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், சுமார் 12,000 பேரின் எச்சங்களை வைத்திருப்பது, தன் கூடங்களில் காட்சிக்கு இருந்த மனித எச்சங்களை அகற்றப்போவதாக 2023 அக்டோபரில் அறிவித்தது. ஒரு மாணவர் எழுதிய ஆய்வுத் திட்டம் திடீரென நிறுத்தப்படலாம். அது நியாயமான நிறுத்தம் என்று ஏற்று, மாற்றுத் திட்டம் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். குரங்கின எலும்புகளைக் கொண்ட திட்டம் அதற்கு ஏற்றது.

நம் ஊருக்கும் இதில் கதை உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885இல் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் காலிப்பரால் அளந்து சாதி, பழங்குடி வாரியாகப் பட்டியலிட்டார். 1909இல் அது ஏழு தொகுதிகளாக வந்தது. மூக்கின் அகலத்தை வைத்து மக்களை உயர்வு தாழ்வாக அடுக்கும் அக்கால எண்ணம் அதன் பின்னால் இருந்தது. அந்த எண்ணத்தை அறிவியல் கைவிட்டுவிட்டது. ஆனால் இன்றைய மாணவர் கையில் இருப்பதும் அதே வகைக் காலிப்பர்தான். எதற்காக அளக்கிறோம், யாரை அளக்கிறோம் என்று தெரியாமல் அதைத் திறக்கக் கூடாது.

எலும்போடு படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடலாமா?
(மாணவர், மதுரை)

கூடாது. ஆய்வுக்கு எடுக்கும் படத்துக்கே எழுத்துமூல அனுமதி வேண்டும், படத்தில் அளவுகோலும் எண்ணும் இருக்க வேண்டும். பல்லைத் துளைப்பது, எலும்பை வெட்டுவது போன்றவற்றுக்குத் தனிக் குழுவின் ஒப்புதல் தேவை, பத்து வாரத்தில் அது வராது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எப்படி விண்ணப்பிப்பது? இந்தியாவிலிருந்தே போக முடியுமா?
(இளங்கலை மாணவர், திருச்சி)

அமெரிக்க அருங்காட்சியகங்களின் கோடைத் திட்டங்களுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் விண்ணப்பம் முடிந்துவிடுவது வழக்கம். அதில் ஒரு பகுதிக்கு அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனம் பணம் தருகிறது. அந்த இடங்கள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. இதைப் படிக்காமல் மாதக்கணக்கில் உழைத்து விண்ணப்பம் தயாரித்தவர்கள் உண்டு. தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள். எஃப்-1 விசாவில் அங்கே படிப்பவர்கள், சம்பளம் உண்டோ இல்லையோ, தங்கள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டே ஒப்புக்கொள்ள வேண்டும்.

திட்டம் எதிலும் சேராமல் காப்பாட்சியருக்கு நேரடியாக எழுதுவதும் நடக்கிற வழிதான். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் பத்தியில் நீங்கள் யார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. இரண்டாவதில் உங்கள் கேள்வி, எந்த எலும்பு, எத்தனை பேர், எந்தெந்த அளவு, எந்தக் கருவி. மூன்றாவதில் ஏன் அந்தச் சேகரிப்பு. 'சிறு வயதிலிருந்தே எனக்கு டைனோசர் பிடிக்கும்' என்று தொடங்கும் கடிதத்தை விட, அந்தக் காப்பாட்சியரின் ஒரு கட்டுரையைப் படித்து அதில் விட்டுப்போன ஒரு அளவைப் பற்றிக் கேட்கும் கடிதத்துக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். செலவை யார் ஏற்பது என்பதைப் பேச வெட்கப்படாதீர்கள். சம்பளமில்லாத பத்து வாரம் வெளியூரில் தங்குவது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால் மட்டுமே முடிகிற காரியம். இந்தத் துறையில் ஏழை மாணவர்கள் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டுக்குப் பக்கத்தில் இதைக் கற்க இடமில்லையா?
(மாணவி, சிவகங்கை)

உண்டு. 1945இல் தொடங்கிய இந்திய மானுடவியல் ஆய்வகத்தின் தலைமையகம் கொல்கத்தாவில் இருக்கிறது, ஹரப்பா எலும்புக்கூடுகள் அதன் வசம் உள்ளன. நமக்கு அருகில் அதன் மண்டல மையம் மைசூருவில். புனே டெக்கான் கல்லூரியில் இனாம்காவ் போன்ற அகழாய்வுகளின் மனித எலும்புகள் ஆய்வுக்கு எடுக்கப்பட்டிருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் மானுடவியல் துறைகள் உண்டு. விளம்பரத்துக்காகக் காத்திருக்காமல் துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதத்தோடு நீங்களே எழுதிக் கேளுங்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே கீழடிக்கு அருகில் கொந்தகை ஈமக்காடு இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டியபோது கிடைத்த மண்டை ஓடுகளைப் பற்றி 1930இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாகவே ஓர் ஆய்வு வந்தது. இங்கெல்லாம் முதுமக்கள் தாழிகளில் கிடைக்கும் எலும்பு, அமெரிக்க இழுப்பறை எலும்பைப் போல இருக்காது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, தொட்டால் உதிரும். தாழியை மண்ணோடு ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, சில செ.மீ. அடுக்குகளாக மூங்கில் குச்சியாலும் தூரிகையாலும் எடுத்து, ஒவ்வொரு அடுக்கின் மண்ணையும் நுண்சல்லடையில் சலிக்க வேண்டும். பல்லும் விரல் எலும்பும் சல்லடையில்தான் அகப்படும். மண்டை ஓட்டின் அடியில் உள்காதைச் சூழ்ந்துள்ள கெட்டியான எலும்பு தெரிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். பழந்தொல் டி.என்.ஏ. மிஞ்சியிருக்க அதிக வாய்ப்புள்ள இடம் அது. நம் வெப்பத்தில் ஏற்கெனவே சிதைந்திருக்கும், உங்கள் தோலின் டி.என்.ஏ.வும் அதில் கலந்தால் மிச்சமும் போய்விடும்.

இடம் கிடைக்கும்வரை வீட்டிலேயே பழக வழி உண்டா?
(மாணவர், நாமக்கல்)

கறிக்கடையில் சொல்லிவைத்து, வெட்டாத ஆட்டுத் தொடையெலும்புகளை இடது வலது இரண்டுமாகக் கேட்டு வாங்குங்கள். சதையை வழித்துவிட்டு, சோப்புத்தூள் கலந்த தண்ணீரில் கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் சில மணி நேரம் வையுங்கள். தளதளவெனக் கொதித்தால் எலும்பு வெடித்து மாவாகும். ப்ளீச்சிங் பவுடர் போடாதீர்கள், கழுவிய பிறகும் அது எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும். வெண்மை வேண்டுமென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள் ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

பல எலும்புகளின் முனைகள் தொப்பி கழல்வது போலத் தனியாக வந்துவிடும். கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கடைக்கு வருவது பெரும்பாலும் இளம் ஆடு, அதன் வளர்ச்சிக் கோடு இன்னும் இணையவில்லை. குழந்தை எலும்புக்கூட்டில் பார்க்கப்போவதும் இதையேதான். கழன்ற முனையை அதே எலும்போடு ஒரே பையில் போட்டு எண்ணிடுங்கள். சாதாரண வெர்னியர் காலிப்பர் போதும். நீளத்துக்கு, ஒரு பலகையில் அளவுநாடாவை ஒட்டி, ஒரு முனையில் செங்குத்தாக ஒரு கட்டையை அறைந்துவிட்டு, இன்னொரு கட்டையை நகர்த்திக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு இடதா வலதா என்று தடவிச் சொல்லப் பழகுங்கள். இருபது எலும்பு சேர்ந்ததும் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். வந்த எண்ணையும் அதற்கான அட்டவணையையும் காப்பாட்சியருக்கு எழுதும் கடிதத்தோடு இணையுங்கள்.